தடை அறிந்தவர்

முப்பத்தொரு வருஷம் கச்சேரியில், காணிப் பிரிவில்.
ஒரு விண்ணப்பத்தைத் தட்டிவிட வேண்டுமென்றால்
எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பந்தி என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.
கெசியா அந்த அம்பாறைப் பெடியனின் படத்தைக் காட்டிய இரவு
வேதத்தையும் அப்படித்தான் எடுத்தேன்,
கோப்பைப் பிரிக்கிற கையோடு.

அவன் பன்சலைக்குப் போகிறவன் என்றால்
அந்நிய நுகம் என்று ஒரு வசனம் கைவசம் இருந்தது.
மலித் மூன்று தலைமுறையாக மெதடிஸ்த.
உகனையில் தகரக் கூரைச் சேர்ச்,
தகப்பன் ஞாயிறுதோறும் மணி அடிக்கிறவர்.
நுகம் பொருந்துகிறது.
பாஷைதான் பொருந்தவில்லை,
பாஷைக்கு வசனம் இல்லை.

தொண்ணூறில் அண்ணனை ஏற்றிக்கொண்டு போன லொறிக்கும்
தொண்ணூற்றாறில் பிறந்தவனுக்கும் என்ன சம்பந்தம்
என்று கேட்டாள் மகள்.
ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டே மீன் ஆய்ந்தேன்,
செதில் எல்லாம் முகத்தில்.

தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து எடுத்தாள்:
"வேற சனமே கிடைக்கல்லையா உங்களுக்கு?"
கறுப்புத் தேசத்துப் பெண்ணைக் கட்டினார் என்று
தம்பியைப் பழித்த தமக்கை ஒருத்தி
நின்ற இடத்திலேயே
உறைபனி போல வெளுத்துப்போனது ஞாபகம் வந்தது.
"அங்க காலநிலை எப்படி?" என்றேன்.
"ஒரே ஸ்னோதான்."

மறுகா ஒரு நாள் கிடைத்தது.
சிறையிருப்பிலிருந்து திரும்பிய சனத்துக்குக் கட்டளை:
அந்நிய சாதிப் பெண்சாதிகளை அனுப்பிவிடுங்கள்.
திகதிகூட இருந்தது, ஒன்பதாம் மாதம், இருபதாம் நாள்.
சிவப்புப் பேனையால் கோடு இழுத்தேன்.
பேனை வழுக்கி அடுத்த வரிக்குள் இறங்கியது.
அன்றைக்கு அடைமழை.
ஆம்பிளைகள் முற்றத்தில் குந்தியிருந்து நடுங்குகிறார்கள்,
வெளியில் நிற்க ஏலாது,
தவணை தாருங்கள் என்கிறார்கள்.
தவணை கிடைக்கிறது.

பெண்களுக்கு?
அதிகாரம் முடியும்வரை விரல் வைத்துப் பார்த்தேன்.
சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று எழுதி
கோப்பை மூடிவிட்டார்கள்.
எங்கே போனார்கள், யார் காணியில் குடிசை போட்டார்கள்,
குறிப்பு ஒன்றுமில்லை.
என் மேசைக்கு இது வந்திருந்தால்
ஒப்பம் வைத்திருக்கமாட்டேன்.

பழக்கதோஷம், கர்த்தரின் தலைமுறை அட்டவணையையும்
காணி உறுதி போலத் தட்டிப் பார்த்தேன்,
கையிலிருந்து கை, பெயரிலிருந்து பெயர்.
நடுவில் ஒரு மோவாபியக்காரி,
கதிர் பொறுக்கப் போனவள்.
அவளை வெட்டினால்
உறுதி செல்லாது.

மார்கழியில் அவர்கள் வந்தார்கள்.
கல்லடிப் பாலத்தில் மழை வாகனத்தை நிறுத்தி வைத்ததாம்,
இரண்டு மணித்தியாலம் பிந்தி
கொக்கிஸ் டின்னோடு நனைந்து இறங்கினா ஐராங்கனி.
சாப்பாட்டுக்குப் பிறகு செபம்.
தன் வேதாகமத்தை விரித்தா,
அது தானாகவே ஓர் இடத்தில் திறந்துகொண்டது.
எழுத்து எனக்குத் தெரியாது.
பத்து என்ற இலக்கம் தெரியும்.
அதே புத்தகத்தின் அதே கடைசி அதிகாரம்,
ஓரத்தில் மடிப்பு, பென்சில் கோடு.
அந்தக் கோடும்
ஒரு வரி கீழே இறங்கியிருந்தது.

நான் கண்டதை அவ கண்டுவிட்டா.
மூடவில்லை.
கோட்டின் மேல் விரலை வைத்து
யன்னலுக்கு வெளியே காட்டி
"வெஸ்ஸ" என்றா.
"மழை" என்றேன் நான்.
அன்று முழுக்க நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

இன்றைக்கு மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் அறிவித்தல்.
தடை அறிந்தவர் எவரேனும் உண்டோ என்று
கேட்டுவிட்டுப் போதகர்
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றார்,
என் வாங்கைப் பார்க்காமல்.
கூரையில் பெய்கிற சத்தம்.
யாரோ இருமினார்கள்.

பையில் இரண்டு குடை வைத்திருக்கிறேன்.
ஐராங்கனி இந்த முறையும்
ஒன்றும் கொண்டுவரவில்லை.